உழுபவரைக் கேளாமல் மாற்றிய கலப்பை

நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசிக் கலையும் எங்கள் சிறு வட்டத்தில் எழுபது வயதைக் கடந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். கதையோ கவிதையோ எழுதுபவர் அல்லர்; சொற்களைச் சேகரிப்பவர். பேருந்தில் அருகில் அமர்ந்தவரிடமும், வரப்பில் நிற்பவரிடமும், குளச்சல் கடற்கரையில் வலை பழுதுபார்ப்பவரிடமும் பேச்சுக் கொடுத்து, குமரி மாவட்டத்துக்கே உரிய சொற்களைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். பதநீரை இங்கே அக்கானி என்பார்கள். பனையேறிகள் அக்கானி காய்ச்சும் ஓலைக் குடிசை விடிலி. பரந்த வயற்பரப்பு ஏலா. கரையில் நின்றபடி பலர் கூடி இழுக்கும் பெருவலை கரமடி. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் அதைச் சொன்னவரின் ஊர், தொழில், சொன்ன வாக்கியம், அது சொல்லப்பட்ட சூழல் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுதுவார்.

ஏழாண்டுகளுக்கு முன் அவரைக் கைப்பேசிக்கு அழைத்து வந்தவர்கள் நாங்கள்தாம். நோட்டுப் புத்தகங்கள் நனைந்து போகும், கரையான் அரிக்கும், தேட வழியில்லை என்றெல்லாம் சொல்லி, குறிப்பெழுதும் செயலி ஒன்றை அவருடைய கைப்பேசியில் நிறுவிக் கொடுத்தோம். முதலில் தயங்கினார். பிறகு அந்தச் செயலியின் மீது அவருக்கு ஏற்பட்ட பற்றைக் கண்டு நாங்களே வியந்தோம். ஊர்வாரியாகக் கோப்புறைகள் அமைத்தார். அகர வரிசையில் சொற்களை அடுக்கினார். எழுத்துகளைத் தம் கண்ணுக்கு வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொண்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அந்தச் சிறு பெட்டிக்குள் சேர்ந்தன.

ஒருநாள் காலையில் செயலி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. நிறங்கள் மாறியிருந்தன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்வாரியான கோப்புறைகள் கலைக்கப்பட்டு எல்லாக் குறிப்புகளும் ஒரே நீண்ட பட்டியலில் கொட்டப்பட்டிருந்தன. அகர வரிசை போய், கடைசியாகத் திறந்த குறிப்பு முதலில் நிற்கும் வரிசை வந்திருந்தது. எழுத்தின் அளவை மாற்றும் வசதி காணப்படவில்லை. இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் பழைய குறிப்புகள் திறக்க மறுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை திருத்தும் புதிய வசதி ஒன்று கேட்காமலே இயங்கத் தொடங்கியிருந்தது. அது 'அக்கானி' என்று எழுதினால் 'அக்கா நீ' என்று பிரித்தது. 'விடிலி' என்பதை 'விடுதி' ஆக்கியது. நண்பர் கவனிப்பதற்குள் எத்தனை சொற்கள் இவ்வாறு 'திருத்தப்பட்டன' என்பது அவருக்கே தெரியாது.

அவர் நிறுவனத்துக்கு நயமான மொழியில் கடிதம் எழுதினார். கருத்துக்கு நன்றி என்றும், புதிய வடிவம் விரைவில் அவருக்குப் பிடித்துப்போகும் என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. அதன்பின் அவர் அந்தச் செயலியைத் திறக்கவில்லை. சொல் சேகரிப்பதையும் சில மாதங்கள் நிறுத்திவிட்டார்.

நிறுவனத்தின் பெயரை நாங்கள் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது ஒரு கடைக்காரர் மீதான புகாராகச் சுருங்கிவிடும். ஒரு தொழில் முழுவதையும் பிடித்திருக்கும் ஆணவத்தைப் பற்றியே எங்கள் பேச்சு.

நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். கலப்பையின் பெயரால் அழைக்கப்படும் மண்ணில் வாழ்கிறவர்களுக்குக் கருவியைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல உரிமை உண்டென்று நினைக்கிறோம். கலப்பை செய்பவர் தச்சர். ஆனால் அதன் மேழியைப் பிடித்து நடப்பவர் உழவர். கைப்பிடியின் உயரம் உழுபவரின் இடுப்புக்குப் பொருந்த வேண்டும். கொழுவின் சாய்வு மண்ணுக்குப் பொருந்த வேண்டும். உழுபவரைக் கேளாமல் இரவோடு இரவாகக் கலப்பையை மாற்றிவைத்துவிட்டு, இதுதான் இனி அழகு, பழகிக்கொள் என்று எந்தத் தச்சரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த பருவத்தில் அவருக்கு வேலை இருந்திருக்காது. மென்பொருள் செய்கிறவர்களுக்கு மட்டும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

இது எங்கள் ஊர்க் கிழவர் ஒருவரின் மனக்குறை மட்டும்தானா என்று கேட்கலாம். உலகம் முழுவதும் நடந்தவற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

இணையத்தில் தமிழ் வாசித்தவர்கள் பலருக்கும் கூகுள் ரீடர் நினைவிருக்கும். 2005 அக்டோபரில் வந்த அந்த ஓடைத் திரட்டி, பலருக்கு ஒரு வாசகசாலையாகவே இருந்தது. ஒருவர் வாசித்ததை மற்றவருடன் பகிரலாம். பகிர்ந்ததன் கீழே உரையாடலாம். எந்த ஆரவாரமும் இன்றி நல்ல வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட இடம் அது. 2011 அக்டோபர் 31 அன்று அதை மறுவடிவமைத்தார்கள். பகிர்தலும் பின்தொடர்தலும் உரையாடலும் நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் தொடங்கப்பட்டிருந்த கூகுள் பிளஸ்ஸில் போய் அவற்றைச் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். வாசகர்கள் மன்றாடினார்கள், பயனில்லை. 2013 ஜூலை 1 அன்று ரீடரையே மூடினார்கள். எதற்காக அந்த வாசகசாலையின் சுவர்களை இடித்தார்களோ, அந்தக் கூகுள் பிளஸ்ஸும் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. இடித்த வீடும் இல்லை, குடிபெயரச் சொன்ன வீடும் இல்லை.

சோனோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வீட்டு ஒலிபெருக்கிகள் செய்கிறது. அவற்றை இயக்குவதற்கான செயலியை 2024 மே மாதத்தில் அடியோடு மாற்றி வெளியிட்டது. குறிப்பிட்ட நேரத்தில் பாட்டை நிறுத்தும் வசதி, எழுப்பு மணியை அமைக்கும் வசதி போன்ற பல அன்றாட வசதிகள் புதிய வடிவத்தில் இல்லை. பார்வையற்றோர் திரைவாசிப்பானின் துணையுடன் பயன்படுத்தி வந்த வழிகளும் பழுதுபட்டன. பணம் கொடுத்து வாங்கிய பொருள் சொந்த வீட்டிலேயே அந்நியமாகிவிட்டதென்று பயனர்கள் கொதித்தார்கள். தலைமைச் செயல் அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். பழைய செயலியை மீண்டும் கொடுங்கள் என்ற கோரிக்கைக்கு, அது இனி இயலாது என்பதே ஆகஸ்டில் கிடைத்த பதில். 2025 ஜனவரியில் அவர் பதவி விலகினார். மன்னிப்பும் பதவி விலகலும் நிகழ்ந்த அரிதான சம்பவம் இது. ஆனாலும் பழையது திரும்பி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டபோது திரையின் இடது மூலையில் பதினேழு ஆண்டுகளாக இருந்த தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது. எதிர்ப்பு தாங்காமல் மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தானைத் திருப்பி வைத்தது. 2015-இல் விண்டோஸ் 10 தொடக்கப் பட்டியலையும் மீட்டுத் தந்தது. பயனர்கள் பழகிக்கொள்வார்கள் என்ற வேதவாக்கு எல்லா நேரத்திலும் பலிப்பதில்லை என்பதற்கு இந்தப் பின்வாங்கலே சாட்சி.

வாசகர்களான நமக்கு இன்னும் நெருக்கமானது கிண்டில். 2016 டிசம்பரில் தமிழ் நூல்கள் அதில் அதிகாரபூர்வமாக இடம்பெறத் தொடங்கியபோது எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்தோம். சென்னைக்கோ மதுரைக்கோ புத்தகக் கண்காட்சிக்குப் போகாமலே, தென்கோடியில் இருந்தபடி நூல் வாங்கிவிடலாம் அல்லவா? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நீக்கியது. அதுவரை நம் கைக்கு வந்துகொண்டிருந்த பிரதி அன்றிலிருந்து அவர்கள் வகுத்த வழியில் மட்டுமே நம்மை வந்தடையும். 2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணம் காட்டி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் பதிப்புகளை அந்நிறுவனம் தொலைவிலிருந்தபடி அழித்ததை மறந்துவிட வேண்டாம். பின்னர் அதற்காக மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அலமாரிக்குள் கைவிட முடியும் என்பதை நமக்கு உணர்த்திவிட்டார்கள்.

மறுவடிவமைப்பை ஆதரிப்பவர்கள் வழக்கமாக மூன்று வாதங்களைச் சொல்வார்கள். மூன்றையும் நேராகவே எதிர்கொள்வோம்.

முதலாவது, மனிதர்கள் எந்த மாற்றத்தையும் முதலில் வெறுப்பார்கள், இரண்டு வாரம் போனால் மறந்துவிடுவார்கள் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நிறம் மாறினால் பழகிக்கொள்ளலாம். பொத்தான் இடம் மாறினாலும் விரல் மெல்லக் கற்றுக்கொள்ளும். ஆனால் நீக்கப்பட்ட வசதிக்கு எப்படிப் பழகுவது? இல்லாத ஒன்றுக்குப் பழகுவதென்றால் அதை இழக்கச் சம்மதிப்பது என்றுதான் பொருள். இரண்டு வாரத்துக்குப் பின் குரல்கள் அடங்குவதைக் காட்டி வெற்றி என்கிறார்கள். எங்கள் நண்பரும்தான் அடங்கிவிட்டார். அவர் பழகிக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். அவர்களுடைய கணக்கில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியுமா?

இரண்டாவது, இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு என்ன கேள்வி என்பது. சோனோஸ் ஒலிபெருக்கியும் கிண்டில் நூலும் இலவசம் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுவோம். இலவசச் செயலியையே எடுத்துக்கொண்டாலும், அதில் நண்பர் இட்ட முதல் என்ன? ஏழாண்டு உழைப்பு. மூவாயிரம் சொற்கள். நிலம் உமது, பயிர் எமது. இடையில் பயிரோடு நிலத்தைப் புரட்டிப் போட நிலக்காரருக்கு உரிமை உண்டென்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொல்லாது. அறுவடை வரை பொறு என்றுதான் சொல்லும்.

மூன்றாவது வாதமே வலிமையானது. கோடிக்கணக்கான பயனர்களில் பெரும்பாலோர் அந்த வசதியைத் தொடுவதே இல்லை. சிலருக்காக எல்லோருடைய செயலியையும் சிக்கலாக வைத்திருக்க முடியாது என்பார்கள். எண்ணிக்கையை மறுக்க எங்களிடம் வழியில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊரில் ஓர் அனுபவம் உண்டு.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற பொறியாளர் அதைக் கட்டினார். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அந்த நீர் பல கால்வாய்களாகப் பிரிந்து கல்குளத்துக்கும் தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் வருகிறது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அந்த நீரை நம்பியவை. அணையின் வாயிலில் நிற்பவர்களுக்குக் கால்வாய் எப்போதும் நிறைந்தே தெரியும். கடைமடைக்கு நீர் வந்ததா என்பதை அறியக் கடைமடை வரை நடந்துதான் பார்க்க வேண்டும். நீர் வராத கடைமடை உழவர்களின் எண்ணிக்கை மொத்தத்தில் சிறியதுதான். அதற்காக அவர்களுடைய மதகை அடைத்துவிடுங்கள், கால்வாய் எளிமையாகும் என்று எந்தப் பொறியாளராவது யோசனை சொல்வாரா? பாசனம் சரியாக நடக்கிறதா என்பதற்கே கடைமடைதான் உரைகல்.

மென்பொருளின் கடைமடையில் இருப்பவர்கள் யார்? முதியவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவர்கள், மலையடிவாரத்திலும் கடற்கரையிலும் இணையம் வந்து போகும் ஊர்களில் வாழ்பவர்கள், ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதுபவர்கள், அந்த மொழியிலும் வட்டார வழக்கை எழுதுபவர்கள். எங்கள் நண்பர் இவற்றில் பலவற்றிலும் பெயர் கொடுத்தவர். தலைமடையில் அமர்ந்து புள்ளிவிவரத்தைப் பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியமாட்டார். ஆனால் அவர் கைப்பேசியில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பயனர்கள் எழுதும் மளிகைப் பட்டியல் அல்ல. வேறெங்கும் எழுதப்படாத சொற்கள் அவற்றுள் பல. பனையேற்றுத் தொழில் குறைந்துவருகிறது, விடிலிகளும் குறைந்துவருகின்றன. அந்தச் சொற்களைச் சொன்னவர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. ஒரு பிழைதிருத்தி 'விடிலி'யை 'விடுதி' ஆக்கும்போது, மீண்டும் போய்க் கேட்க ஆள் இல்லாத ஒரு சாட்சியம் அழிகிறது. இந்த இழப்பு எந்த விற்பனைக் கணக்கில் வரும்?

நாங்கள் மாற்றத்தின் எதிரிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாஞ்சில் நாடு மாற்றங்களைக் கண்ட நாடு. கேட்டுப் பெற்ற நாடு. மருமக்கள்வழி உரிமைமுறையின் அல்லல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையின் பிடி தளர்ந்தது. அந்த மாற்றத்தைக் கேட்டவர்கள் அதன் கீழ் வாழ்ந்து நொந்தவர்களே. மாற்றத்தை வேண்டுவோர் யார், அதன் சுமையைத் தாங்குவோர் யார் என்ற இரு கேள்விகளுக்கும் அங்கே ஒரே விடை இருந்தது. செயலிகளின் மறுவடிவமைப்பில் முதல் கேள்விக்கு விடை நிறுவனம். இரண்டாம் கேள்விக்கு விடை நாம்.

மறுவடிவமைப்பை எப்படிச் செய்வது என்பதைத் தமிழிலிருந்தே இந்தத் தொழில் கற்றுக்கொள்ளலாம். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா, ணை, லை போன்ற பதின்மூன்று உயிர்மெய்களின் பழைய வடிவங்களை மாற்றுவதே அது. தமிழக அரசு அதை ஆணையாக வெளியிட்டது 1978-இல். இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள். விரும்பியவர்கள் புதிய வடிவில் அச்சிட்டார்கள். மற்றவர்கள் பழைய வடிவிலேயே தொடர்ந்தார்கள். இரண்டும் அருகருகே வாழ்ந்தன. யாருடைய பழைய புத்தகமும் ஒரே இரவில் வாசிக்க இயலாததாகிவிடவில்லை. ஆணை வந்த பின்னும் பழைய லையும் ணையும் கையெழுத்தில் நெடுங்காலம் நீடித்தன. அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பின்னாளில் உகர, ஊகார வரிசைகளையும் மாற்ற வேண்டுமென வா.செ. குழந்தைசாமி போன்றோர் வாதிட்டபோது தமிழுலகம் விவாதித்தது, பலர் எதிர்த்தார்கள், அது நடைமுறைக்கு வரவில்லை. புழங்குபவர்களின் ஒப்புதல் இன்றிப் புழங்குபொருளை மாற்றக்கூடாது என்ற நாகரிகம் அங்கே இருந்தது.

தமிழ் மென்பொருள் செய்தவர்களிடமும் அந்த நாகரிகம் இருந்தது என்பதைப் பெருமையுடன் சொல்வோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகை அரசின் தரமாக ஏற்கப்பட்டது. ஆயினும் அதன் பின் வந்த எ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் தமிழ்99 ஒன்றையே நம் தலையில் கட்டவில்லை. ஆங்கில எழுத்தொலி வழியே எழுதுவோருக்கு அஞ்சல் முறை, தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர்களுக்குப் பழைய தட்டச்சு முறை, ஈழத்தவர் பலர் பழகிய பாமினி முறை என அவரவர் விரலின் நினைவுக்கு மதிப்பளித்தார்கள். எது சிறந்தது என்று அவர்களுக்கும் கருத்து இருந்திருக்கும். அதை நம்மீது திணிக்கவில்லை. அவற்றை உருவாக்கியவர்கள் காட்டிய அந்தப் பெருந்தன்மை, கோடி கோடியாகப் பொருள் ஈட்டும் நிறுவனங்களுக்கு ஏன் கைவரவில்லை? கலப்பை என்று பெயர் வைத்தவர்களுக்கு உழுபவரை மதிக்கத் தெரிந்திருந்தது.

யூனிகோடையும் இங்கே நினைக்க வேண்டும். அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டது 128 இடங்கள் மட்டுமே என்றும், உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை என்றும் நம்மவர்கள் கொண்ட வருத்தம் பொய்யல்ல. அதனால்தான் 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடுடன் டேஸ்16 என்ற அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. ஆனால் யூனிகோட் ஓர் உறுதிமொழி தந்திருக்கிறது: ஒருமுறை இடம் கொடுக்கப்பட்ட எழுத்து எந்நாளும் நீக்கப்படாது, இடம் மாற்றப்படாது. குறையுடைய வீடுதான், ஆனால் இரவில் சுவர்கள் நகர்வதில்லை. அந்த நிலைத்தன்மையை நம்பியே இன்று நாம் எழுதுகிறோம். அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்று இருந்த காலத்தில் தட்டெழுதிய நூல்களின் கதி என்னவாயிற்று என்பதை நாகர்கோவிலின் எந்த அச்சுக்கோப்பாளரிடமும் கேட்டுப் பாருங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதில் பழைய எழுத்துருக்களில் பக்கம் அமைத்த கோப்புகளை இன்று திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளின் வரிசை தெரியும். மாற்றியில் இட்டுப் பிழை பார்த்து மீட்க வேண்டும். மீட்க ஆள் இல்லாத நூல்கள் அப்படியே கிடக்கும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. புதிய வடிவம் வரட்டும்; ஆனால் குறைந்தது ஓராண்டாவது பழைய வடிவத்தையும் வைத்திருங்கள்; எதைப் பயன்படுத்துவது என்பதைப் பயனர் முடிவு செய்யட்டும். ஒரு வசதியை நீக்கும் முன் அதை நம்பியிருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் முன்னறிவிப்புக் கொடுங்கள். எழுதியவற்றை முழுவதுமாக, எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக வெளியே எடுத்துச்செல்ல எந்நேரமும் வழி வைத்திருங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் திரைவாசிப்பானுக்கான ஏற்பாடும் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரங்கள் அல்ல; அவை இயங்காத வடிவத்தை வெளியிடாதீர்கள். பிழைதிருத்தியைக் கேட்காமல் இயக்காதீர்கள். உங்கள் அகராதியில் இல்லாத சொல் பிழை என்று உங்களுக்கு யார் சொன்னது? வெளியிடும் முன் பெங்களூரு அலுவலகத்தில் மட்டும் சோதிக்காமல், தோவாளையில் பூக்கட்டும் ஒருவர் கையிலும் குளச்சலில் மீன்பிடிக்கும் ஒருவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். இவற்றில் எதுவும் செய்ய முடியாத அதிசயம் அல்ல.

நிறுவனங்களைக் கேட்டால் மட்டும் போதாது. எங்கள் மீதும் குற்றம் உண்டு. நோட்டுப் புத்தகத்தைக் கரையான் அரிக்கும் என்று சொன்ன நாங்கள், செயலியை நிறுவனம் அரிக்கும் என்பதைச் சொல்லவில்லை. வாடகை வீட்டின் சுவரில் ஓவியம் தீட்டச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் வெள்ளையடித்தபின் புலம்புகிறோம். எந்தச் செயலியைப் பரிந்துரைத்தாலும், அதிலிருந்து வெளியேறும் வழி என்ன என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். மூல நிரல் திறந்திருக்கும் தமிழ் மென்பொருள்களைப் பயன்படுத்தவும், அவற்றைச் செய்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தையும் நாலு காசும் கொடுக்கவும் நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? பளபளப்பைக் கண்டு போனோம். பளபளப்பு மாறியதும் திகைத்து நிற்கிறோம்.

அந்த மூவாயிரம் சொற்களையும் இப்போது மீட்டுக்கொண்டிருக்கிறோம். செயலியில் மொத்தமாக வெளியே எடுக்க வழியில்லாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு குறிப்பாகத் திறந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் எளிய உரைக்கோப்பில் தட்டெழுதுகிறோம். பாதியைத் தாண்டிவிட்டோம். ஒவ்வொரு பக்கத்தையும் அச்சிட்டும் வைக்கிறோம். சந்தேகமான சொல் வரும்போது நண்பர் கண்ணை மூடி, அதைச் சொன்னவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயல்கிறார். பல நேரம் சொல் கிடைத்துவிடுகிறது. சில நேரம் தலையை அசைத்து, "அடுத்ததுக்குப் போங்க" என்கிறார். அப்படிக் கடந்துபோன சொற்களின் எண்ணிக்கை நேற்றுவரை நாற்பத்தொன்று.

புதிய வடிவம் விரைவில் பிடித்துப்போகும் என்று பதில் எழுதியவர்கள் அந்த நாற்பத்தொரு சொற்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.